கோழி எங்கும் போகவில்லை

கொதிக்கிற வெந்நீரில் முக்கி எடுத்த கோழி இறகுக்கு ஒரு வாசனை உண்டு. ஈரத் தலைமுடியை அடுப்புத் தணலில் காட்டியதுபோல இருக்கும், மூக்கை விட்டு லேசில் போகாது. எங்கள் வீட்டுப் புறக்கடையில் அந்த வாசனை எழுந்த காலையில் அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்த அம்மா, சென்ட்ரிங் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பனியனோடு குந்தியிருந்த நைனா, எதிர்வீட்டுக் கன்னியம்மாக்கா, என் நாலு வயதுத் தங்கை தேவி, பதினொரு வயதில் நான், அம்மாவின் முன்னால் முறத்தில் இறகெல்லாம் நீங்கிக் கிடந்த கோழி. இல்லாதவள் ஒருத்திதான். நைனாவின் அக்கா, என்னுடைய பூங்காவனம் அத்தை. அவள் செத்து அன்றைக்கு முப்பதாம் நாள். அவளுக்குப் படைக்கத்தான் கோழியை அறுத்திருந்தோம். கோழியும் அவளுடையதுதான்.

எங்கள் வீடு திருத்தணி மலைக்குப் பின்பக்கம், பொதட்டூர்பேட்டை பஸ் போகிற சாலையிலிருந்து உள்ளே நடந்தால் வருகிற ஒரு தெருவில் இருந்தது. புறக்கடையில் நின்றால் மலையின் முதுகு தெரியும். அதற்கும் எங்களுக்கும் நடுவில் வேலிக்காத்தான் முள் காடாக மண்டிக் கிடந்தது. அந்த முள்ளுக்குள் இருநூறு அடி போனால் எப்போதோ கல் உடைத்துவிட்டுக் கைவிட்ட ஒரு பள்ளம்; நாங்கள் அதைக் ‘கல்குட்டை’ என்போம். எங்கள் வீட்டில் நைனாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர்கள். நைனா விடியற்காலை ரயிலில் மெட்ராஸுக்குப் போய்ப் பலகை அடிக்கிற வேலை செய்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார். அம்மா யாருடைய கழனியில் வேலையோ அங்கே போவாள். எழுத்துக்கூட்டிப் படிக்கவும், பார்த்ததைத் தாளில் எழுதவும் அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் தெரிந்துகொண்டவன் நான். இந்தக் கதையில் அதற்கு வேலை இருப்பதால் சொல்கிறேன்.

அத்தை அம்மையார்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், புருஷன் வேறொருத்தியோடு போனபின் ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஓர் இருமலோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இருமலுக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையைத் தாங்கிக்கொள்ள உடம்பில் தெம்பு வேண்டும், முடிந்தால் தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். தினம் முட்டை வாங்கிக் கட்டுப்படியாகாது என்று நைனா சந்தைக்குப் போய் ஒரு பெட்டைக்கோழியையே வாங்கிவந்தார். மஞ்சள் பைக்குள் உடம்பும், பைக்கு வெளியே தலையுமாக அது பஸ்ஸில் வந்து இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. செம்பழுப்பு உடம்பு, வாலில் ஒரே ஒரு வெள்ளை இறகு.

அத்தையின் கயிற்றுக் கட்டில் புறக்கடைக் கதவை ஒட்டிக் கிடந்தது. கட்டிலுக்கு அடியில் ஓரம் பிய்ந்த ஒரு மூங்கில் கூடை, அதற்குள் அத்தையின் கத்திரிப்பூ நிறப் பழம்புடவை ஒன்று. கோழி தானாகவே அந்தக் கூடையைக் கண்டுபிடித்துக்கொண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை பதினொரு மணி சுமாருக்கு, யாரோ கூப்பிட்டதுபோல நேராக உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் நுழையும். அத்தை படுத்தபடியே ஒரு கையைத் தொங்கவிட்டு அதன் முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். அரை மணி கழித்து அது எழுந்து வெளியே போய் ஊருக்கே கேட்கும்படி கொக்கரிக்கும். அத்தை சூட்டோடு முட்டையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள்.

“நர்சம்மா டூட்டி முடிச்சிகினு போறாங்க, வழி வுடுங்க” என்பாள் எங்களைப் பார்த்து. ஆஸ்பத்திரி நர்சம்மாவைப்போல நேரம் தவறாமல் வருவதால் கோழிக்கு அதுவே பெயராயிற்று.

அந்த முட்டையெல்லாம் அவள்தான் தின்றாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். பரீட்சை வந்த நாட்களில், “படிக்கிற புள்ள, மூளைக்கு நல்லது, உங்கம்மாகிட்ட சொல்லாத” என்று அவள் நீட்டிய அவித்த முட்டைகளை நான் வேண்டாமென்று சொன்னதில்லை. சில மாதங்களில் அத்தைக்கு முகம் தெளிந்தது. இருமல் நின்றது. நின்றதும் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். திரும்பவும் வந்த இருமல் அவளைப் பங்குனிக் கடைசியில் கொண்டுபோய்விட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னால், பேச மூச்சில்லாமல், கட்டிலுக்கு அடியில் விரலைக் காட்டி, “சேகரு, நர்சம்மாவப் பாத்துக்கடா” என்றாள். நான் “ஆங்” என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். செத்தவர் படுத்த பாய், தலையணை, கட்டிய துணி, குடித்த டம்ளர் எல்லாவற்றையும் மறுநாள் ஊருக்கு வெளியே ஓரிடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். எங்கள் தெருவுக்கு அந்த இடம் கல்குட்டை. போட்டதை யாரும் எடுக்கக்கூடாது. ஆடு அந்தப் பக்கம் போனால்கூடக் கல்லெறிந்து திருப்புவார்கள். அம்மாவுக்கு அந்த வழக்கத்தோடு இருமல் பயமும் சேர்ந்துகொண்டது; வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது, அவளைக் குறை சொல்ல முடியாது. “அவ கை பட்டது ஒன்னு வுடாம எடுத்துகினு போயிடுய்யா” என்றாள். நைனா பாயையும் துணியையும் மூட்டையாகக் கட்டினார். “கட்டிலுக்கு அடியில இன்னா கீது பாருடா” என்று என்னிடம் சொன்னார். நான் குனிந்து கூடையை இழுத்துக் கொடுத்தேன். புடவையில் கோழி உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. அது கோழியின் இடம் என்று எனக்கும் தோன்றவில்லை, நைனாவுக்கும் தோன்றவில்லை.

அன்று பதினொரு மணிக்கு நர்சம்மா வந்தாள். கட்டிலும் அங்கே இல்லை. கயிற்றை அறுத்துவிட்டு வெளியே சாய்த்திருந்தார்கள். சாணி போட்டு மெழுகிய வெறுந்தரையில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் செய்தாள். சுவரோரமாக ஒரு சுற்று வந்தாள். பிறகு வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் முட்டை இல்லை.

முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. சாவு வீட்டில் முட்டையை யார் தேடுவார்கள். அதன்பின் அம்மா தேட ஆரம்பித்தாள். வெயில்தான் காரணம் என்றாள் முதலில். சித்திரை வெயில் அந்த வருடம் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு சட்டி நிறையத் தண்ணீரை நிழலில் வைத்தோம். பிறகு தீனி போதவில்லை என்று கேழ்வரகும் நொய்யும் போட்டோம். பழைய முட்டையோட்டை நுணுக்கிச் சோற்றில் கலந்து வைத்தோம். கன்னியம்மாக்கா சின்ன வெங்காயமும் மிளகும் இடித்து உருட்டி அதன் வாயைத் திறந்து தள்ளினாள். ஒரு பழைய சட்டியில் வைக்கோல் பரப்பி, சுண்ணாம்பு தடவிய உருண்டைக் கல்லொன்றை முட்டைபோல உள்ளே வைத்து, முன்பு கட்டில் கிடந்த இடத்திலேயே அம்மா வைத்தாள். நர்சம்மா அந்தக் கல்லை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு நடந்துவிட்டாள்.

“ஏமாத்தறதுக்கு ஆள் பாக்கணும்மே” என்று கன்னியம்மாக்கா சிரித்தாள். “அது இன்னா உன் ஊட்டுக்காரனா?”

முட்டையைக் கீரிப்பிள்ளை தின்கிறதோ என்று புறக்கடை முழுக்கச் சாம்பல் தூவி வைத்தோம். காலையில் சாம்பலில் கோழியின் கால்தடமும் தேவியின் கால்தடமும்தான் இருந்தன. கோழியின் தடம் வேலிக்காத்தான் பக்கமாகப் போயிருந்தது. மேயப் போயிருக்கும் என்று பேசாமல் விட்டோம்.

மத்தியானங்களில் வீட்டில் நானும் தேவியும்தான். பள்ளிக்கூடம் லீவு. காற்று அசையாத அந்த நேரத்தில் சில நாட்கள் ஒரு கொக்கரிப்புக் கேட்கும். புறக்கடையிலிருந்து அல்ல, முள்ளுக்கு அப்பால் எங்கேயோ, பானைக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கிய சத்தம். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நர்சம்மா முள்ளுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவள்போலக் குப்பையைக் கிளறுவாள். ஒருநாள் அப்படிக் கேட்டபோது தேவி விளையாட்டை நிறுத்தாமல் சொன்னாள்: “கோழி அத்தைகிட்ட போய் பேசிகினு வருது.”

அதை அன்று மாலை அம்மாவிடமும் சொன்னாள். அம்மாவின் கையிலிருந்த சொம்பு நழுவவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மலைக்கோயில் விபூதியை எடுத்து அவள் நெற்றியில் பூசினாள். எனக்கும் பூசினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கோழியின் தலையிலும் ஒரு சிட்டிகை போட்டாள். குழந்தை சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

முப்பதாம் நாள் நெருங்கியது. எங்கள் வீட்டுப் பழக்கப்படி அன்று செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்துவிட்டுக் காக்கைக்கு வைக்க வேண்டும். அத்தைக்குக் கோழிக்குழம்பு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை, வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து நைனா கணக்காகச் சொன்னார்: “அதுக்குள்ள முட்டை வுட்டுச்சின்னா வேற கோழி வாங்கிக்கலாம். வுடலன்னா இதையே அறுத்துடலாம். அவளுக்குன்னு வாங்குனது. அவகிட்டயே போவட்டும்.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான்.

நானே போய்க் கன்னியம்மாக்காவைக் கூட்டிவந்தேன். கோழியின் வாலுக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்து அன்றைக்கு முட்டை உண்டா இல்லையா என்று சொல்வதில் எங்கள் தெருவில் அவளுக்கு மிஞ்சியவர் இல்லை. மறுநாள் காலையில் பார்த்தாள். “கீது. கல்லு மாதிரி கீது. இன்னிக்கு வுட்டுடும்” என்றாள். கோழியின்மேல் வேறொரு கூடையைக் கவிழ்த்து மூடி வைத்தோம். நர்சம்மா உள்ளே நின்றபடியே இருந்தாள், உட்காரவில்லை. மூன்று மணிக்கு, வெயிலில் செத்துவிடப் போகிறது என்று அம்மா திறந்துவிட்டாள். அது ஓடியது, ஒரு பத்து நிமிடம் கண்ணில் படவில்லை. அடுத்த நாள் காலை கன்னியம்மாக்கா தடவிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

“எங்கியோ போய் வுடுதும்மே. ஆள் போட்டுப் பாக்கணும்.”

“ஆளுக்கு எங்க போறது?” என்றாள் அம்மா.

நைனா என்னைப் பார்த்தார். “சேகரு பாக்கட்டும். படிக்கிற புள்ள. நேரத்தோட நோட்டுல எழுதிகினு வருவான். நாமளாட்டம் வாயால சொல்றது இல்ல.” அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, நேரம் ஒரு பக்கம், கோழி செய்தது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டேன். முதல் நாள் தேவி தண்ணீர் கேட்டு அழ, நான் உள்ளே போய்வருவதற்குள் கோழியைத் தவறவிட்டேன். இரண்டாம் நாள் அது எங்கும் போகவே இல்லை. மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு அது குப்பைமேட்டிலிருந்து கிளம்பியது. நான் இருபது அடி விட்டுப் பின்னால் போனேன். வேலிக்காத்தான் அடியில் ஆடுகள் போட்டிருந்த ஒரு சந்து; கோழி தலையைத் தாழ்த்தி அதில் நுழைந்தது. நானும் தவழ்ந்து நுழைந்தேன். உள்ளே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. கோழி தயங்காமல், வழி தெரிந்த பெண்பிள்ளைபோல நடந்தது. ஓரிடத்தில் முள் விலகி வெளிச்சமாகத் தெரிந்தது. அங்கே ஒரு கிளையில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு துணிக்கிழிசல் தொங்கிக்கொண்டிருந்தது.

காற்றே இல்லை. ஆனால் அது ஆடியது.

அது கல்குட்டை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோழி அந்தத் துணிக்குக் கீழே போய் மறைந்தது. தொண்டைக்குள்ளேயே செய்யும் அந்தச் சத்தம் கேட்டது. கட்டிலுக்கு அடியில் அத்தை முதுகைத் தடவும்போது செய்யுமே, அதே சத்தம். அங்கே யாரோ அதன் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இன்னும் பத்தடி போயிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். நான் பின்னோக்கியே தவழ்ந்து வெளியே வந்தேன். முள் கிழித்த முதுகோடு குழாயடிக்குப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கொக்கரிப்புக் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன்.

அங்கே போனேன் என்று சொன்னால் அம்மா அடிப்பாள். அதைவிட, சொன்னால் ‘வா, காட்டு’ என்பார்கள். திரும்ப அங்கே போக வேண்டும். நோட்டை எடுத்து அழகான கையெழுத்தில் எழுதினேன்.

நைனா வந்து கால் கழுவிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “படிடா” என்றார். கன்னியம்மாக்காவும் வந்திருந்தாள். நான் படித்தேன்: “காலை எட்டு மணி. கோழி குப்பைமேட்டில் மேய்ந்தது. ஒன்பது மணி. தண்ணீர் குடித்தது. பத்தரை மணி. வேலியோரம் நின்றது. பதினொன்றரை மணி. திரும்ப மேய்ந்தது. கோழி எங்கும் போகவில்லை.”

“என் வெரலு பொய் சொல்லாதுப்பா” என்றாள் கன்னியம்மாக்கா. “அன்னிக்கு இருந்துச்சி, மறுநாளு இல்ல. அப்பறம் எங்க போச்சி?”

நைனா நோட்டை வாங்கினார். நான் எழுதியிருந்ததன் கடைசி வரிக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்து இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினார், அந்த எழுத்துகள் அவருக்குத் தெரிந்தவைபோல. “எழுதி வச்சிகீறான் இல்லக்கா” என்றார். “நேரம் போட்டு எழுதிகீறான். உன் கையில பட்டது கொழுப்பா இருக்கும்.”

கன்னியம்மாக்கா என்னையே பார்த்தாள். பிறகு, “படிச்சவன் சொன்னா சரிதான்” என்று எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கோழி ஒரே ஒரு முட்டையை வைக்கோல் சட்டியில் இட்டுவிட்டால் போதும், நான் சொல்லவே வேண்டியதில்லை என்றும் நினைத்தேன். கோழியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சட்டியில் உட்காரவைத்துக் கையால் அழுத்திப் பிடித்தேன். அது என் புறங்கையைக் கொத்திவிட்டு இறங்கியது. மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். எல்லாம் செய்தேன், வாயைத் திறப்பதைத் தவிர.

முப்பதாம் நாள் காலையில் நைனா அதை அறுத்தார். நான் பார்க்கவில்லை. வாசனை வந்தபிறகுதான் புறக்கடைக்குப் போனேன்.

அம்மா வயிற்றைக் கீறிக் கையை விட்டாள். குடலோடு ஒரு கொத்து வெளியே வந்தது. சின்ன எலுமிச்சை அளவிலிருந்து கடுகு அளவு வரை, ஒன்றைவிட ஒன்று சிறியதாக, மஞ்சள் மஞ்சளாகக் கருக்கள். இனி இடவேண்டியவை அத்தனையும் வரிசையில் காத்திருந்தன. அம்மா கையை மறுபடி விட்டாள். இந்த முறை வெளியே வந்தது ஓடு கட்டிய முழு முட்டை. அன்று பதினொரு மணிக்கு இட்டிருக்க வேண்டியது. அம்மாவின் ரத்தம் பட்ட உள்ளங்கையில் அது வெள்ளை வெளேரென்று இருந்தது. தேவி தொட்டுப் பார்த்து, “சூடா கீது” என்றாள்.

நைனா முட்டையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“கல்குட்டைக்குப் போச்சிம்மா” என்றேன். “நான் பாத்தேன்.”

நைனா எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் முள்ளைப் பார்த்து நடந்தார். இந்த முறை நான் பின்னால் போனேன். அவர் முள்ளைக் காலால் மிதித்து விலக்கிக்கொண்டே போனார். அந்தத் துணிக்கிழிசலைத் தாண்டினோம். அங்கே பயப்பட ஒன்றுமே இல்லை. கரையான் அரித்த பாய். மல்லாந்து கிடந்த டம்ளர். ஒரு முள்மரத்தின் அடியில், பாதி சாய்ந்து மாட்டிக்கொண்டிருந்த எங்கள் கூடை. அதில் அத்தையின் புடவை, கோழி உட்கார்ந்த பள்ளம், பள்ளம் நிறைய முட்டை. நைனா குந்தி ஒவ்வொன்றாகத் தொட்டார். வாய்க்குள் எண்ணினார்.

“பதினொன்னு” என்றார்.

அத்தையின் சாவில் அவர் அழுது நான் பார்க்கவில்லை, அங்கேயும் அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: “பயந்துட்டியாடா?”

“ஆங்.”

“நானுந்தான். அன்னிக்கு மூட்டைய வீசிட்டு ஓடியாந்தேன். இன்னா இன்னா வீசறோம்னு பாக்கல. கூடைய எடுத்து வச்சிருக்கலாம்.” புடவையின் ஓரத்தை இழுத்து, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல அந்த முட்டைகளின்மேல் போட்டார். “வா.”

வீட்டில் கன்னியம்மாக்கா கேட்டாள்: “எங்க ஊட்டு கறுப்பி அடைக்கு உக்காந்துகீது. அதுக்கு வச்சிப் பாக்கலாமே, எடுத்தாந்தியாப்பா?”

“அங்கப் போட்டத எடுக்கக் கூடாதுக்கா” என்றார் நைனா.

“இன்னும் ரெண்டு நாளு வுட்டிருந்தா அதுவே அடைக்கு உக்காந்திருக்கும். மூனு வாரம் காணோம் காணோம்னு தேடியிருப்பீங்க. அப்பறம் ஒரு நாளு குஞ்சிங்கள இட்டுகினு வாசல்ல வந்து நின்னிருக்கும்.” அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கோழிகளைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னாள்.

அம்மா வயிற்றிலிருந்து எடுத்த முட்டையை அவித்தாள். இலையில் சோறு, குழம்பு, நடுவில் அந்த முட்டை. கற்பூரம் காட்டிவிட்டு ஒரு கவளத்தோடு முட்டையையும் கூரைமேல் வைத்தோம். காக்கை வந்தது, சோற்றைத் தொடவில்லை, முட்டையைக் கவ்விக்கொண்டு கல்குட்டைப் பக்கமாகப் பறந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்று நைனா ரசம் ஊற்றிக்கொண்டார். குழம்பு கன்னியம்மாக்கா வீட்டுக்குப் போயிற்று.

அதன்பின் அந்த லீவு முடியும்வரை பதினொரு மணி ஆனால் முள்ளுக்கு அப்பாலிருந்து எனக்கு அந்தக் கொக்கரிப்புக் கேட்கும். வேறு யாருடைய கோழியாவது அந்தக் கூடையைக் கண்டுபிடித்திருக்கலாம். போய்ப் பார்க்கவில்லை.

இப்போது நானும் நைனா போன அதே ரயிலில்தான் போகிறேன். ஒரு குடோனில் வந்திறங்கும் சரக்கைப் பார்த்து அறிக்கை எழுதுகிற வேலை. ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘நேரில் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இடம் வரும்போது எழுந்துபோய் மறுபடி ஒருமுறை பெட்டிகளை எண்ணிவிட்டு வருவேன். உடன் வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை அந்தக் கோழியைப் பற்றிக் கேட்டேன். பழகிய கூடை, பழகிய துணி, இருட்டான இடம், கோழிக்கு அவ்வளவுதான் வேண்டும், மேய்ந்துகொண்டே போகும்போது கண்ணில் பட்டிருக்கும் என்றார். சரியாகத்தான் இருக்கும். அதை நான் நம்புகிறேன், பகலில்.

வேலிக்காத்தானை இயந்திரம் வைத்து வாரிவிட்டார்கள். கல்குட்டையை மண் கொட்டி மூடி, மஞ்சள் கல் நட்டு மனைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கூடை கிடந்த இடம் எந்த மனைக்குள் போயிற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. செத்தவர்களின் பாயையும் தலையணையையும் இப்போது குப்பை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். நைனா போய் மூன்று வருடம் ஆகிறது. அவருடைய துணிகளை நான்தான் மூட்டை கட்டினேன், ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துவிட்டு. அந்த நோட்டைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா அதன்பின் கோழி வளர்க்கவில்லை. கடையிலிருந்து அட்டையோடு வருகிறது முட்டை, ஒன்றுகூடச் சூடாக இருப்பதில்லை.

கன்னியம்மாக்கா மட்டும் அப்படியே இருக்கிறாள், கண் மட்டும் மங்கிவிட்டது. போன மாதம் அவள் வீட்டு வழியாகப் போனபோது என் நடைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். “இன்னாடா, இன்னிக்கு இன்னா எழுதிகினு வந்த?” என்றாள். பக்கத்தில் இருந்த தேவிக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு அந்தக் கோழியே நினைவில்லை. கன்னியம்மாக்கா அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் விரலை மடக்கி எண்ணினாள். “அங்க பதினொன்னு. வயித்துல ஒன்னு. பன்னெண்டு குஞ்சி. தாயி ஒன்னு.”

அத்தை என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னது ஒன்றைத்தான். போனது பதின்மூன்று.